சேணத்துக்கு அடியில வர்ற கட்டி: குதிரைத் தோலுக்குள்ள என்ன நடக்குது?

வேலூர், குடியாத்தம், வாணியம்பாடி பக்கம் ஜட்கா வண்டி ரொம்பவே கொறஞ்சு போச்சு, ஆனா குதிரை மொத்தமா போயிடல, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் சாரட்டுக்கும் இன்னும் வெச்சிருக்காங்க, ஆசைக்கு வளக்குற பசங்களும் இருக்காங்க. சித்திரை வைகாசியில முகூர்த்தமும் ஜாஸ்தி, வெயிலும் ஜாஸ்தி, அந்த நேரத்துலதான் சேணத்தைக் கழட்டிட்டு முதுகைத் தடவிக் குடுக்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுப்படும், புளியங்கொட்டை சைசுல ஒண்ணு, சில குதிரைக்கு நாலஞ்சு. உடனே ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சுப் போடு, சூடு போடு, ஊசியால குத்தி பிதுக்கி எடுத்துடு. தயவு செஞ்சு இது எதையும் பண்ணாதீங்க. மேலோட்டமா ஒரே மாதிரி தெரியுற கட்டிக்குள்ள வேற வேற சமாச்சாரம் நடந்துகினு இருக்கும், ஒண்ணுக்கு சரியா வர்றது இன்னொண்ணை கெடுத்து விட்டுடும், அதனால மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம்.

தோலைப் பத்தி நம்ம பக்கத்து ஜனங்களுக்குப் புதுசா சொல்ல வேண்டியதில்ல. ஆம்பூர்லயோ ராணிப்பேட்டையிலயோ பேரணாம்பட்டுலயோ தோல் ஷாப்புல வேலை பாத்தவங்களைக் கேளுங்க, பச்சைத்தோலை சுண்ணாம்புத் தண்ணியில ஊறப்போட்டு முடியையும் மேல்தோலையும் எடுத்துட்டு, அடியில ஒட்டிகினு இருக்குற சதையையும் சீவித் தள்ளிட்டா நடுவுல மிஞ்சுறதுதான் லெதர். அந்த நடு அடுக்கு முழுக்க கொலாஜன்னு ஒரு புரத நார், குறுக்கும் நெடுக்குமா பின்னிக் கெடக்கும். ஆவாரம்பட்டை போட்டாலும் சரி, கடுக்காய் போட்டாலும் சரி, குரோமியம் போட்டாலும் சரி, பதம் ஆகுறது இந்த நாருதான். உயிரோட இருக்குற குதிரைக்கு சேணத்தோட பாரத்தை மொதல்ல வாங்குறதும் இதே அடுக்குதான், முடிவேரு, வியர்வைச் சுரப்பி, பொடிப்பொடி ரத்தக்குழாய் எல்லாம் இந்த நாருக்கு நடுவுலதான் இருக்குது.

குதிரைக்கு முதுகுல வர்ற கட்டிங்கள்ல ரொம்ப சகஜமானது இந்த நாருல இருந்தே கெளம்புறதுதான். டாக்டருங்க ஈசினோஃபிலிக் கிரானுலோமான்னு சொல்லுவாங்க, கொலாஜன் முடிச்சுன்னும் சொல்றது உண்டு. கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்குற மேட்டுலயும் சேணம் உக்கார்ற எடத்துலயும் கழுத்து பக்கத்துலயும் வரும். அரை சென்டிமீட்டர்ல இருந்து 5 சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கலாம், உருண்டையா, கெட்டியா இருக்கும், மேல முடி கொட்டாது, அரிக்காது, அமுக்குனா குதிரைக்கு வலிக்கவும் வலிக்காது. வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தா நடுவுல செதஞ்சு போன கொலாஜன் நாரும், அதைச் சுத்தி ஈசினோஃபில்னு ஒரு வகை வெள்ளை அணுக்கள் கூட்டமும் தெரியும். இந்த ஈசினோஃபில்லோட வேலை ஒட்டுண்ணியைத் தாக்குறது, அலர்ஜி வந்தா ஓடி வர்றது. அதுக்குள்ள இருக்குற என்சைம் வெளிய கொட்டுனா எதிரியை மட்டும் இல்ல, பக்கத்துல இருக்குற சொந்த நாரையும் சேத்து அரிச்சுடும், செதஞ்ச நாரைப் பாத்து இன்னும் அணுக்கள் வரும், கட்டி அப்படியே உருண்டு நின்னுடும். வருஷக்கணக்குல விட்டா உள்ள சுண்ணாம்புச் சத்து படிஞ்சு கல்லு மாதிரி ஆயிடும்.

ஏன் வருதுன்னா, பூச்சிக்கடிக்கு உடம்பு காட்டுற மிகையான எதிர்ப்புதான் மொதல் சந்தேகம், வெயில் காலத்துல ஜாஸ்தியா வர்றதும் அதுக்குப் பொருந்துது. சேணம் உராயுறது, ஊசி போட்ட எடம், இதுங்களும் காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க.

அடுத்து அழுத்தத்தால வர்ற வீக்கம். இதைப் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இது முழுக்க முழுக்க நம்ம கையில இருக்குற விஷயம். ரத்தக்குழாயிலயே ரொம்ப பொடிசா இருக்குற தந்துகிக்குள்ள ரத்தம் எவ்ளோ அழுத்தத்துல போவுதுன்னு 1930-ல யூஜீன் லாண்டிஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் மனுஷனோட நகக்கண்ணுல அளந்து பாத்தாரு, ரத்தம் உள்ள நொழையுற முனையில சராசரியா 32 மில்லிமீட்டர் பாதரசம்னு வந்துச்சு. வெளிய இருந்து அதுக்கு மேல அமுக்குனா குழாய் மூடிக்கும், ரத்தம் போவாது. இப்போ குதிரை முதுகுக்கு வருவோம். ஆளும் சேணமும் சேந்து 80 கிலோன்னு வெச்சுக்கோங்க, சேணம் முதுகுல 1000 சதுர சென்டிமீட்டர் பரப்புல ஒரே சீரா படுதுன்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 80 கிராம், அது கிட்டத்தட்ட 59 மில்லிமீட்டர் பாதரசம். அதாவது நல்லா பொருந்துன சேணம்கூட தந்துகியை அமுக்கத்தான் செய்யுது. சேணத்துக்கு நடுவுல குழி விழுந்து முன்னாடியும் பின்னாடியும் மட்டும் முட்டிகினு நின்னா, அந்தப் பரப்பு கால்வாசி ஆயிடும், அழுத்தம் 4 மடங்கு ஏறிடும். குதிரை துள்ளுநடை போடும்போது ஆளோட பாரம் ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு மடங்கு வரைக்கும் எறங்கும்.

அப்புறம் எப்படி குதிரை தாங்குதுன்னா, நடக்கும்போது பாரம் எறங்கி ஏறிகினே இருக்கு, அந்த இடைவெளியில ரத்தம் உள்ள பூந்து வந்துடுது. கல்யாண மண்டபத்து வாசல்ல பேண்டு வாசிச்சு முடியுற வரைக்கும் மாப்பிள்ளையைச் சொமந்துகினு அசையாம நிக்குற குதிரைக்கு அந்த இடைவெளி கெடைக்காது. ஊர்வலக் குதிரை வெச்சிருக்கவங்க இதை மனசுல வெச்சுக்கணும்னு கேட்டுக்குறேன், ஆளை எறக்கிட்டு 10 நிமிஷம் நிக்க வெச்சாலே அந்தத் தோலுக்கு உயிர் வரும். இதுல இன்னொரு விஷயம், தோலை விட அடியில இருக்குற சதைக்குதான் ரத்தம் இல்லாம தாங்குற சக்தி கம்மி. மேல பாத்தா சின்ன வீக்கம், உள்ள சதை நெறைய அடிபட்டிருக்கும்.

சேணத்தை எடுத்த உடனே முதுகு நல்லா இருக்குன்னு கட்டிப் போட்டுட்டு போயிடுவாங்க. மூடியிருந்த குழாய் திடீர்னு தொறக்கும்போதுதான் ரத்தம் பாய்ஞ்சு, அடிபட்ட குழாயில இருந்து நீர் கசிஞ்சு வீக்கம் கெளம்பும், அதுக்குக் கொஞ்ச நேரம் ஆவும். அந்தக் காலத்து குதிரைப்படையில சவாரி முடிஞ்சதும் வயித்துவாரை மட்டும் தளர்த்தி விட்டு, சேணத்தை அப்படியே வெச்சு குதிரையை மெதுவா நடத்திட்டு, முதுகு சூடு தணிஞ்சப்புறம் எறக்குவாங்க. அது வெறும் சம்பிரதாயம் இல்ல, ரத்தத்தை கொஞ்சம் கொஞ்சமா விடுற வழி. அரைமணி கழிச்சு ஒரு தடவை, மறுநாள் காலையில ஒரு தடவை முதுகைத் தடவிப் பாருங்க. விரலால அமுக்குனா குழி விழுந்து மெதுவா எழும்புதா, அது நீர்க்கட்டு. தொட்டா சூடா இருக்கு, குதிரை முதுகை வளைச்சு நழுவுதுன்னா அடி புதுசு. அமுக்குனாலும் கண்டுக்காம புல்லு மேஞ்சுகினு இருக்கு, கட்டி கெட்டியா இருக்குன்னா மேல சொன்ன கொலாஜன் முடிச்சா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

சேணத்துக்கு அடியில போடுற துணியும் நெறைய சொல்லும். குதிரை உடம்பு முழுக்க வேக்கும், அந்த வியர்வையில லேதரின்னு ஒரு புரதம் இருக்கு, எண்ணெய்ப் பசை இருக்குற முடி மேல தண்ணி பரவணும்னு இயற்கை வெச்ச ஏற்பாடு, வார் உரசுற எடத்துல வெள்ளையா நுரை வர்றது அதாலதான். மே மாச வெயில்ல ஒரு மணி நேரம் ஓடிட்டு வந்த குதிரையோட துணி சீரா நனைஞ்சிருக்கணும். சுத்தியும் ஈரமா இருந்து நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு காஞ்சு கெடந்தா, அந்த எடத்துல அழுத்தம் தாங்காம வியர்வைச் சுரப்பி வேலை செய்யல, இல்லன்னா சேணம் அங்க படவே இல்ல. கையை உள்ள விட்டுப் பாத்தா எதுன்னு தெரிஞ்சுடும். பழைய குதிரை முதுகுல திட்டுத்திட்டா வெள்ளை முடி இருக்குறதையும் பாத்திருப்பீங்க, முடிக்கு நெறம் குடுக்குற செல்லு அழுத்தத்துல செத்துப்போய், அதுக்கப்புறம் மொளைக்குற முடி வெள்ளையா வர்றது அது.

ஜட்கா குதிரைக்கு இது வேற கணக்கு. ரெண்டு சக்கர வண்டியில அச்சுதான் நடு, அதுக்கு முன்னாடி பாரம் ஏறுனா ஏர்க்கால் வழியா முதுகுல இருக்குற சின்ன சேணத்துல எறங்கும், பின்னாடி ஏறுனா வயித்துவாரை மேல இழுக்கும். முன்பாரம், பின்பாரம்னு சொல்லி சவாரியை நகந்து உக்காரச் சொல்லுவாங்களே, அந்த ஒரு வார்த்தை குதிரை முதுகைக் காப்பாத்துற வார்த்தை. உள்ளங்கை அகல சேணத்துல 20 கிலோ கூட ஏறுனாலும் தோலு தாங்காது.

பாலாத்து மணல்ல ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மணலும் காஞ்ச வியர்வை உப்பும் துணியில ஏறிடுச்சுன்னா உப்புக்காகிதம் வெச்சுத் தேய்க்குற மாதிரிதான், முடிவேரு கீறி அது வழியா கிருமி பூந்து சீழ்க்கட்டி வரும். வெறும் தண்ணியில துணியைத் தெனமும் அலசிக் காயப்போட்டாலே பாதி பிரச்சனை போயிடும்.

இதெல்லாம் இல்லாம வேற ஆளுங்களும் உண்டு. வெயில்ல நிக்கும்போது திடீர்னு கழுத்துலயும் முதுகு மேட்டுலயும் சின்ன முண்டு கெளம்பி, ஒடைஞ்சு ரத்தம் வழிஞ்சு, கொஞ்ச நேரத்துல காஞ்சு போயிடுச்சுன்னா அது பாராஃபைலேரியான்னு ஒரு புழு, தோலுக்கு அடியில இருந்துகினு முட்டை போட தோலைத் தொளைக்குது, ஈ வந்து அதை அடுத்த குதிரைக்குக் கொண்டு போவுது. சீனாவோட ஹான் பேரரசர் வூ, கி.மு. 104-ல இருந்து 101 வரைக்கும் ரெண்டு தடவை படை அனுப்பி, மத்திய ஆசியாவுல இருக்குற ஃபெர்கானாவுல இருந்து கொண்டு வந்த 'ரத்தம் வேர்க்கும் குதிரை' கதைக்குப் பின்னாடி இந்தப் புழுதான் இருக்கும்னு நெறைய பேரு நெனைக்குறாங்க. மரு மாதிரி சொரசொரப்பா வளர்றது சார்காய்டுங்குற தோல் கட்டியா இருக்கலாம், மாட்டுக்கு மரு வரவைக்குற பாப்பிலோமா வைரஸ்தான் இதுக்கும் காரணம், இதைக் கிள்ளுனாலோ அரைகுறையா வெட்டுனாலோ கோவப்பட்டு ரெண்டு மடங்கா வளரும், குத்திப் பாக்காதீங்கன்னு சொன்னதுக்கு இது ஒரு பெரிய காரணம். ஊர்வலத்துக்கு வர்ற வெள்ளைக் குதிரைங்க பெரும்பாலும் பொறக்கும்போது கருப்பாவோ செவலையாவோ பொறந்து வயசாவ ஆவ வெளுக்குற ரகம், அதுங்களுக்கு 15 வயசுக்கு மேல கருப்புக் கட்டி வர்றது ரொம்ப சகஜம், ஆனா அது முக்கியமா வாலுக்கு அடியில வரும், முதுகுல கம்மி.

பயப்பட வேண்டிய ஒண்ணு இருக்குது. கட்டி வரிசையா கயிறு முடிச்சு போட்ட மாதிரி நெணநீர்க்குழாய் வழியா, முக்கியமா பின்னங்கால் உள்பக்கம் கெளம்பி, ஒடைஞ்சு தேன் பதத்துல பிசுபிசுன்னு வடிஞ்சா, கூடவே மூக்குல சளியும் காய்ச்சலும் இருந்தா, அது கிளாண்டர்ஸுன்னு ஒரு பாக்டீரியா நோயா இருக்கலாம். மனுஷனுக்கும் தொத்தும், உயிரே போவும். 2009-ம் வருஷ மத்திய சட்டப்படி அரசாங்கத்துக்குத் தெரிவிச்சே ஆவணும். நம்ம ராணிப்பேட்டையில 1932-ல இருந்து கால்நடைக்குத் தடுப்பூசி தயாரிக்குறாங்க, ஆனா கிளாண்டர்ஸுக்கு உலகத்துல எங்கயும் தடுப்பூசி கெடையாது. கையால தொடாம, குதிரையைத் தனியா கட்டிட்டு உடனே அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்கு போன் பண்ணாலும் போதும்.

சாதாரண கட்டின்னு டாக்டர் சொல்லிட்டா அடுத்தது பூச்சி. குலிகாய்டிஸ்னு 1 முதல் 3 மில்லிமீட்டர்ல ஒரு பொடிக்கொசு, ஈர மண்ணுலயும் சாணி சேத்துலயும் வளரும், விடியக்காலையிலயும் சாயங்காலம் இருட்டுற நேரத்துலயும்தான் கடிக்கும். அதுக்குப் பறக்குற பலம் கம்மி, லாயத்துல ஒரு ஃபேன் ஓடுனாலே கிட்ட வராது. மக்கிப்போன வைக்கோலும் மூத்திரமும் கலந்த குப்பையில வளர்ற கடி ஈயும் உண்டு, அதுக்கு குப்பையை வாரி தூரப் போடுறதைத் தவிர வேற மருந்து இல்ல.

கொலாஜன் முடிச்சு சின்னதா இருந்து சேணம் படாத எடத்துல இருந்தா தொந்தரவு பண்ணாம விட்டுடலாம், சிலது தானா கரையும். சேணம் படுற எடத்துல இருந்தா டாக்டர் கட்டிக்குள்ளயே ஸ்டீராய்டு ஊசி போடுவாரு, சுண்ணாம்பு படிஞ்சு கல்லானதை ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். மெடிக்கல் ஷாப்புல நீங்களே ஸ்டீராய்டு வாங்கிப் போடக் கூடாது, அளவு மீறுனா சில குதிரைக்கு குளம்புக்குள்ள அழற்சி வந்து நிக்கவே முடியாம போயிடும், முதுகுக் கட்டிக்கு வைத்தியம் பண்ணப்போய் காலை இழந்துடுவீங்க.

அழுத்த வீக்கத்துக்கு மருந்து ஓய்வுதான். வீக்கம் முழுசா வத்துற வரைக்கும் சேணம் போடக் கூடாது, அதுவரைக்கும் கையில புடிச்சு நடத்தலாம். சிலர் கட்டி இருக்குற எடத்துக்கு நேரா கம்பளித் துணியில வட்டமா ஓட்டை போட்டு சேணம் வெச்சுடுவாங்க, வேலை நிக்கக் கூடாதுன்னு. கட்டி மேல பாரம் படாதுங்குறது சரி, ஆனா அந்த ஓட்டையோட விளிம்புல மொத்த பாரமும் சேந்து கட்டியைச் சுத்தி வளையமா அமுக்கும், உள்ள மாட்டிகினு இருக்குற நீர் வெளிய போவ வழி இல்லாம கட்டி இன்னும் ஊதும். ஒரு முகூர்த்தம் போனா போவட்டும், வேற குதிரைக்குச் சொல்லி அனுப்பிடுங்க.