விளையாட்டு வேண்டாமென்ற கடிதத்துக்கு முடிவுத் திகதி உண்டா?

"இவனுக்கு முட்டு வருத்தம், சேர். விளையாட்டுப் பாடத்துக்கு விட வேணாமெண்டு ஒரு கடிதம் எடுத்துத் தாங்க." முட்டு என்பது ஆஸ்துமா. மட்டக்களப்பில் இயன்மருத்துவராக வேலை செய்யும் எவருக்கும் இது பழகிய குரல். சில பிள்ளைகளுக்கு அந்தக் கடிதம் தேவைதான். ஆனால் ஆறாம் ஆண்டு மாரியில் நெஞ்சு இரைந்தபோது வாங்கிய கடிதம், ஓ.எல். எடுக்கும் வரை பைக்குள் கிடக்கிறது. இதற்கிடையில் பிள்ளை வளர்ந்துவிட்டது, மருந்தும் மாறிவிட்டது. 15 வயதில் இரண்டு மாடி ஏறினால் கால் நடுங்குகிறது. அதையும் வருத்தத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அது வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்ததன் பலன்.

5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், கிழமையில் 3 நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் இது பொருந்தும், வருத்தம் கட்டுப்பாட்டில் இருந்தால். அதை அறிய நான் கேட்பது கடந்த 4 கிழமையைப் பற்றி. கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் பகலில் இழுத்ததா? கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் நீலப் பம்ப், அதாவது இழுப்பை உடனே தணிக்கும் இன்ஹேலர், தேவைப்பட்டதா? இரவில் இருமி எழும்பினாரா? ஓடியாட முடியாமல் ஒதுங்கினாரா? ஒன்றுக்கு "ஓம்" வந்தாலும் முதலில் கிளினிக், பிறகுதான் பயிற்சி. "பம்ப் பழகிப்போகும்" என்று தினமும் அடிக்க வேண்டிய தடுப்புப் பம்பை நிறுத்திவிட்டு, நீலத்தை மட்டும் நம்பியிருக்கும் வீடுகள் இங்கே நிறைய. பழகிப்போவது பம்ப் அல்ல, இரைப்புத்தான்.

வருத்தம் கட்டுப்பாட்டில் உள்ள பிள்ளையை ஓட்டத்தில் அல்ல, தசையை வலுவாக்கும் பயிற்சியில் தொடங்கச் சொல்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. நிறுத்தாமல் ஓடும்போது பிள்ளை வேகமாக, நெடுநேரம் மூச்சிழுக்கிறது. சுவாசக் குழாயின் உட்புறம் உலர்ந்து, குழாய் சுருங்குகிறது. கதிரையில் பத்துத் தடவை எழும்பி இருந்து, ஒரு நிமிடம் ஆறி, மீண்டும் செய்வதில் அந்த அளவுக்கு மூச்சு ஏறுவதில்லை. கிரவுண்டைச் சுற்றி ஓடச் சொன்னதும் இருமியவர், வீட்டு விறாந்தையில் இதைச் சுகமாகச் செய்துவிடுவார். வயது வந்த பிறகு கிரவுண்டுப் பக்கமே விடப்படாத பெண்பிள்ளைகளுக்கும் விறாந்தை போதும்.

முதலில் 10 நிமிடம் மெதுவான நடை, கை கால் சுழற்றல். வைத்தியர் சொல்லியிருந்தால் அதற்கு முன்பே நீலப் பம்ப். பிறகு கதிரையில் இருந்து எழும்புதல். பிளாஸ்ரிக் கதிரை மாபிள் தரையில் வழுக்கும், சுவரோடு அணைத்து வையுங்கள். அடுத்து சுவரில் கை ஊன்றித் தண்டால், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தல், குனிந்து நின்று புத்தகப் பையை வயிற்றுப் பக்கம் இழுத்தல். ஒவ்வொன்றும் 8 முதல் 10 தடவை, இரண்டு சுற்று. கிழமைக்கு 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. 15 தடவை ஆட்டமில்லாமல் வந்த பிறகு பைக்குள் இன்னொரு புத்தகம், அல்லது ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல். அது ஒன்றரைக் கிலோ. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் பிடித்து வைப்பார்கள். பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள், எண்ணுகிற வாய் மூச்சை அடைக்காது.

கச்சான் காற்றில் புழுதி பறக்கும் நாட்களிலும், அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்களிலும் முற்றம் வேண்டாம், உள்ளே செய்யலாம். பக்கத்து வளவில் குப்பை எரித்தாலும் அப்படித்தான். சளி, காய்ச்சல் என்றால் அன்று விட்டுவிடுங்கள்.

"பாரம் தூக்கினா வளர மாட்டான்" என்பார் அப்பம்மா. சரியான முறையில், பெரியவர் ஒருவரின் கண் முன்னே செய்யும் பயிற்சி உயரத்தைக் குறைப்பதாக ஆதாரம் இல்லை. எனக்குப் பயம் வேறு: அண்ணாவின் டம்பெல்லை எடுத்து, யாரும் இல்லாத நேரம், ஆகக் கூடியது எவ்வளவு தூக்கலாமென்று பார்ப்பது. அதை இந்த வயதில் யாரும் செய்யக் கூடாது. முதல் இரண்டு மாதம் கை பெருக்காது என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கண்ணாடியைப் பார்த்து மனம் விடுவார்கள். அப்போது கூடுவது தசையை இயக்கும் நரம்பின் திறன். புரோட்டீன் பவுடருக்குக் காசு கரைக்க வேண்டாம். முட்டை, நெத்தலி, பயறு, நம்மூர் எருமைத் தயிர் இருக்கின்றன.

இது ஆஸ்துமாவுக்குச் சொன்னது. வாதக் காய்ச்சலுக்காக மாதாமாதம் பெனிசிலின் ஊசி போடும் பிள்ளை, இன்சுலின் போடும் பிள்ளை, வலிப்போ உயர் இரத்த அழுத்தமோ உள்ள பிள்ளை என்றால், பார்க்கும் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். விளையாடும்போது மயங்கி விழுந்தவர், நெஞ்சு நொந்தவர், குடும்பத்தில் இள வயதில் திடீர் மரணம் நடந்தவர் என்றால் முதலில் இதயப் பரிசோதனை.

சாதாரண மேல்மூச்சு, நிறுத்தியதும் சில நிமிடத்தில் அடங்கும். ஆஸ்துமா பெரும்பாலும் நிறுத்தி 5, 10 நிமிடம் கழித்துத்தான் இருமலும் இரைப்புமாகக் கூடும். ஆகவே முடித்தவுடன் ரியூசனுக்குச் சைக்கிளில் அனுப்பாமல் கொஞ்ச நேரம் கண்ணில் வைத்திருங்கள். இழுத்தால் நிமிர்த்தி இருத்தி, வைத்தியர் தந்த திட்டப்படி ஸ்பேசரில் (பம்பில் பொருத்தும் குழாய்) நீலப் பம்ப் கொடுங்கள். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டால், உதடு நீலித்தால், பம்ப் அடித்தும் குறையாவிட்டால் முச்சக்கர வண்டி தேடி ஓடாமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அது வரும் வரை திட்டப்படி பம்பைக் கொடுத்துக்கொண்டிருங்கள்.