தீனதயாள் ஊரகத் திறன் பயிற்சி: மூன்றாவது சம்பளச் சீட்டு வரை கண்ணை எடுக்காதீர்கள்

"உங்கள் ஊர் இப்போது பேரூராட்சி. இந்தத் திட்டம் ஊராட்சியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்." முதல் நாளே இதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. பிளஸ் டூ முடித்த மகளை அழைத்துக்கொண்டு அந்த அம்மா மூன்று முறை அலுவலகத்துக்குப் போனார். முதல் முறை ரேஷன் அட்டை நகல் இல்லை என்றார்கள். அடுத்த முறை வருமானச் சான்று கேட்டார்கள். அதை வாங்கிக்கொண்டு போனபோதுதான் யாரோ ஒருவர் முகவரியைப் படித்துப் பார்த்தார். மூன்று நாள் கூலி போயிற்று, பஸ் கட்டணம் போயிற்று. முகவரி முதல் நாளும் அதேதான்.

இப்படி அலைந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரக ஏழைக் குடும்பத்து இளைஞர்களுக்குத் தொழில் கற்றுத் தந்து வேலைக்கு அனுப்பும் இந்தத் திட்டத்தின் முழுப்பெயர் தீனதயாள் உபாத்யாய கிராமீண கௌசல்ய யோஜனா. பாரதிய ஜனசங்கத் தலைவராக இருந்த தீனதயாள் உபாத்யாயாவின் பிறந்த நாளான செப்டம்பர் 25 அன்று, 2014-இல் அவர் பெயரைச் சூட்டி மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் நடத்துகிறது. மாவட்டத்தில் மகளிர் திட்ட அலுவலகம்தான் வாசல். பாடம் நடத்துவதும் வேலைக்கு அனுப்புவதும் அரசு அல்ல, ஒப்பந்தம் எடுத்த பயிற்சி நிறுவனம். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். வயது 15 முதல் 35 வரை. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் போன்றோருக்கு 45 வரை. பயிற்சி மூன்று மாதத்திலிருந்து ஓராண்டு வரை. கட்டணம் கிடையாது. விடுதிப் பயிற்சி என்றால் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். "பதிவுக்கு ஐந்நூறு, சீருடைக்கு ஆயிரம்" என்று எவராவது கேட்டால் அவர் திட்டத்தின் ஆள் அல்லர், அல்லது திட்டத்துக்குள் இருந்துகொண்டே திருடுகிறவர்.

ஏழைக் குடும்பம் என்பதை எப்படி நிரூபிப்பது? பெரும்பாலானவர்கள் திரும்பி வருவது இந்த இடத்தில்தான். விதிமுறை பல வழிகளைத் தருகிறது. வீட்டில் ஒருவர் ஊரக வாழ்வாதார இயக்கத்தின் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் போதும். குடும்பத்தில் யாராவது நூறு நாள் வேலைத் திட்டத்தில் முந்தைய நிதியாண்டில் 15 நாளாவது வேலை செய்திருந்தால் போதும். வறுமைக் கோட்டுப் பட்டியல், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டை, ஊரிலேயே மக்களைக் கூட்டி எடுத்த மக்கள் நிலை ஆய்வுப் பட்டியல் ஆகியவையும் செல்லும். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எல்லாவற்றையும் கேட்பார். கேட்பது அவருக்குச் சுலபம், கொண்டுவந்து கொட்டுவது உங்கள் வேலை. வருமானச் சான்று இந்த வழிகளில் எதிலும் இல்லை. அதற்காக இ-சேவை மையத்தில் காசு கட்டி, கிராம நிர்வாக அலுவலரைத் தேடி ஓடுவதற்கு முன், "எந்த விதியின்படி கேட்கிறீர்கள்?" என்று ஒரு முறை பணிவாகக் கேளுங்கள். பாதி நேரம் அதோடு முடிந்துவிடும்.

என் அனுபவத்தில் சுய உதவிக் குழு வழிதான் நேரானது. அம்மா, அக்கா, அண்ணி என்று வீட்டில் ஒருவர் குழுவில் இருந்தால், குழுவின் தீர்மான நோட்டுப் பக்கத்தின் நகலையும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் கடிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உறுப்பினரின் பெயர் உங்கள் ரேஷன் அட்டையிலேயே இருக்க வேண்டும். கல்யாணமாகித் தனி அட்டை வாங்கிக்கொண்ட அக்காவின் குழு உங்களுக்கு உதவாது.

நூறு நாள் வேலை வழியில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, முந்தைய நிதியாண்டு என்ற சொல். ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் கணக்கு. இந்த ஆண்டு நாற்பது நாள் மண் வெட்டியிருந்தாலும் போன கணக்கில் பதினான்கு நாள் என்றால் இந்த வழி அடைபட்டது. இன்னொன்று, வேலை அட்டை. பாலித்தீன் உறைக்குள் பத்திரமாக மடித்து ஒரு பையன் கொண்டுவந்தான். திறந்து பார்த்தால் முதல் பக்கத்தில் குடும்பப் புகைப்படம், அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை. கூலி வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கியபின் அட்டையில் நாள் எழுத யாருக்கும் கை வருவதில்லை. அம்மா வெயிலில் நின்ற நாள் ஒன்றுகூட அதில் இல்லை. அட்டையை நம்பாமல், திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று போய் உங்கள் குடும்பத்தின் நாள் கணக்கை அச்செடுத்து, ஊராட்சிச் செயலரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ரேஷன் அட்டையில் ஏமாறுகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் அரிசி வாங்கும் எல்லாரும் ஏழைப் பட்டியலில் இல்லை. அட்டையில் 'என்பிஎச்எச்' என்று இருந்தால் அரிசி கிடைக்கும். ஆனால் அது முன்னுரிமையற்ற குடும்பம் என்று பொருள், வறுமைக்குச் சான்றாகாது. அந்த அட்டையை நீட்டி வாதாடாமல் குழு வழியையோ வேலை அட்டை வழியையோ பிடியுங்கள்.

ஊரின் தகுதியையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அண்மைய ஆண்டுகளில் பல ஊராட்சிகள் நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்க்கப்பட்டன. வயலும் வரப்பும் அப்படியே இருக்கும், காகிதத்தில் மட்டும் நகரம் ஆகியிருக்கும். அப்படியானால் இங்கே அலையாமல் நகர்ப்புறத் திட்டங்களைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

பெயர்ப் பிழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பட்டதுதான். மாற்றுச் சான்றிதழில் தலைப்பெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுவதும், வங்கியில் வேறொன்று. சேரும் முன்பே மூன்றையும் ஒன்றாக்குங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அம்மா பெயரில் அல்ல. பள்ளி உதவித்தொகைக்குத் திறந்து அப்புறம் தொடாத கணக்கு முடங்கிக் கிடக்கும். கிளைக்குப் போய் உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள்.

இனி பயிற்சி நிறுவனம். இளைஞர் திறன் திருவிழா என்று ஒன்றியத்தில் பந்தல் போட்டு ஆள் சேர்ப்பார்கள். நிறுவனங்களுக்குத் தலைக்கணக்கு வேண்டும், அன்றைக்கே பெயரெழுதி அனுப்பப் பார்ப்பார்கள். அன்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மையத்துக்கு நேரில் போங்கள், முடிந்தால் பெற்றோரோடு. போன அணியில் முடித்த இரண்டு பேரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். தயங்காமல் தருகிற மையம் ஓரளவு நல்ல மையம். மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளம் என்றால், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு என்று கேளுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு நூற்றுக்கு 12, ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75, அதற்கு மேல் விடுதி, சாப்பாடு, வேன். ஒரு பெண் தன் முதல் மாதச் சம்பளச் சீட்டைக் காட்டினாள். விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் போனபின் கடைசி வரியில் நின்ற தொகை, அவள் ஊரிலேயே துணிக்கடையில் வாங்கியிருக்கக்கூடியதைவிடக் குறைவு.

மூலச் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், மூலத்தைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். "பாதியில் ஓடிவிடுகிறார்கள், அதனால்தான் வாங்கி வைக்கிறோம்" என்பார்கள். அது அவர்கள் கவலை.

பயிற்சி முடிந்து வேலைக்கு அனுப்பியபிறகுதான் உங்கள் கை ஓங்குகிறது. இதைப் பலர் அறிவதில்லை. 2016-இல் வெளியான வழிகாட்டு நெறிமுறையின்படி, பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபது பேரையாவது வேலையில் அமர்த்த வேண்டும். மூன்று மாதம் வேலையில் இருந்தால்தான் அது கணக்கில் ஏறும், அதுவும் மாதம் ஆறாயிரம் ரூபாய் அல்லது மாநிலக் குறைந்தபட்சக் கூலி, இவற்றில் எது அதிகமோ அந்தச் சம்பளத்தில். அரசு நிறுவனத்துக்குத் தரும் பணம் தவணை தவணையாக இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வருகிறது. சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும்தான் அதற்குச் சான்று. அதாவது உங்கள் மூன்று சம்பளச் சீட்டுகள் அவர்களுக்குப் பணம். இருபதாம் நாள் விடுதியில் தகராறு என்று அழைத்தால் தொலைபேசியை எடுக்காதவர்கள், மூன்றாம் மாத முடிவில் சீட்டு கேட்டு வீட்டு வாசலுக்கே வருவார்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் நீங்கள் போகாத வேலையில் இருந்ததாகக் கோப்பு முடிந்துவிடும். அப்புறம் கேட்க ஒன்றும் இருக்காது.

அதே நெறிமுறையில் உங்களுக்கும் ஒரு தொகை உண்டு. வேலைக்குப் போனபின் மாதம் ஆயிரம் ரூபாய்: சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் மூன்று மாதம், வெளிமாநிலம் என்றால் ஆறு மாதம். புது ஊரில் வாடகைக்கும் பாத்திரத்துக்கும் பிடித்து நிற்பதற்கான பணம். நான் கேட்டுப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நெறிமுறைகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன, ஆகவே சேரும் நாளிலேயே "வேலைக்குப் பிந்தைய உதவித்தொகை எத்தனை மாதம், எந்தத் தேதியில்?" என்று கேட்டு, மையத்தின் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரவில்லை என்றால் மையத்தில் சண்டை போட்டுக் களைத்துப் போகாதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். பார்வைக்கு மகளிர் திட்ட இயக்குநரையும் குறிப்பிடுங்கள். வெளியூரில் வேலையில் இருப்பவர்கள் 1100 என்ற எண்ணில் புகாரைப் பதிவுசெய்து, பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்கும் அசையாவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஏன் தரவில்லை என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. என் பெயரில் எந்த நிறுவனத்தில் வேலை என்று பதிவாகியிருக்கிறது, எத்தனை மாதச் சம்பளச் சீட்டு சமர்ப்பிக்கப்பட்டது, என் கணக்குக்கு உதவித்தொகை எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்று மூன்றே கேள்வி. முப்பது நாளில் பதில் தர வேண்டும். பல நேரங்களில் பதிலுக்கு முன்பே பணம் வந்துவிடுகிறது.

எந்த மனுவானாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை விழாமல் வெளியே வராதீர்கள். முத்திரை வைப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்பார்கள். மரத்தடியில் உட்காருங்கள், வருவார்.