வால்வைக் கழட்டியது யார்?

இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வை யாரோ கழட்டிவிட்ட இதே கதையோடு இந்த வருடத்தில் வந்த ஐந்தாவது வண்டி இது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைச் சாத்திவிட்டு, விரலில் கிரீஸ் முழுசாகப் போவதற்கு முன்பே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். பணி ஓய்வு பெற்றவர். வண்டி 2006 மாடல், சின்ன பெட்ரோல் கார். கம்பெனிப் பெயர் வேண்டாம், தப்பு வண்டி மேல் இல்லை. இறங்கியதும் பின் சீட்டிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து என் மேஜை மேல் கவிழ்த்தார். நாலு ஸ்பார்க் பிளக், ஒரு இக்னிஷன் காயில், ஓர் ஆக்சிஜன் சென்சார், எரிந்துபோன ஃபேன் மோட்டார். ஒன்றரை வருடத்தில் மாற்றிய சாமான்கள்.

“எல்லாம் மாத்தியாச்சு தம்பி. வண்டி அப்படியேதான் இருக்கு.”

லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 9 கொடுக்கிறது. ஐடிலிங்கில் மிஸ்ஸிங், அதாவது நிற்கும்போது இன்ஜின் விட்டு விட்டுத் திணறுகிறது. சைலன்சர் வாயில் விரல் வைத்தால் கரி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டினால் மட்டும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது. கடைசியாகப் பார்த்த இடத்தில் ஆயில் மூடியைக் கழட்டி, அடியில் பாலேடு மாதிரி ஒட்டியிருந்த வெள்ளைப் பசையைக் காட்டி, “ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கணும்” என்று (ஹெட் என்பது இன்ஜினின் மேல் பாகம், கேஸ்கெட் அதற்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) சொல்லி, 22,000 ரூபாய்க்குக் கணக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

வண்டியை ராத்திரி ஷெட்டிலேயே விட்டுப் போகச் சொன்னேன். காலை ஆறு மணிக்கு, நன்றாக ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினேன். சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சரி, சூடானால் மட்டும் சுற்ற வைக்கும் சுவிட்சை விட்டுவிட்டு யாரோ ஃபேனை நேராக இணைத்து டைரக்ட் பண்ணியிருக்கிறார்கள். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் மீது கையை வைத்தேன். ஒழுங்கான வண்டியில் அந்த ஹோஸ் சில நிமிடம் சில்லென்றே இருக்கும், அப்புறம் திடீரென்று கை சுடும். இதில் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறியது. ஸ்கேனரை மாட்டி மணலி பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தேன். அரை மணி நேரம் ஓடியும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) சூடு 56 டிகிரிக்கு மேல் ஏறவில்லை.

தெர்மோஸ்டாட் வால்வு உட்காரும் கூட்டைத் திறந்தேன். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி நிற்பதும், சூடானதும் திறந்து விடுவதும்தான் அந்த வால்வின் வேலை. உள்ளே வால்வே இல்லை, வெறும் ஓட்டை.

இனி எனக்கு எரிச்சல் வரும் இடம். “நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்? அது ஃபாரின் குளிருக்கு வெச்சது. கழட்டிப் போட்டா இன்ஜின் கூலா ஓடும்.” இந்த வசனத்தை நான் தொழில் கற்ற நாளிலிருந்து கேட்கிறேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மேஸ்திரியே இப்படித்தான் சொல்வார். அவர் மேல் கோபமில்லை. அவர் காலத்து அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இருந்தது கார்புரேட்டர். காலையில் குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுப்பதும் டிரைவர்தான், தள்ளுவதும் டிரைவர்தான். இன்ஜின் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று வேறு யாருக்கும் கவலை இல்லை.

இப்போது அந்த சோக் வேலையைப் பார்ப்பது ஈசிஎம், அதாவது இன்ஜினை நடத்தும் குட்டி கம்ப்யூட்டர். இன்ஜின் சூட்டைப் பார்க்க அதற்குக் கண் என்று இருப்பது கூலன்ட் சென்சார்தான். சென்சார் 56 என்று சொன்னால், வெளியே கத்திரி வெயில் கொளுத்தினாலும், ‘இன்ஜின் இன்னும் சூடாகவில்லை’ என்றுதான் ஈசிஎம் நினைக்கும். நினைத்து, பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சோக்கை இழுத்துவிட்டு மாதவரத்திலிருந்து எண்ணூர் வரை ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான். பிளக் கரி பிடிக்கும், மிஸ்ஸிங் வரும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை வரும். ஸ்கேனர் ‘கலவையில் பெட்ரோல் அதிகம்’ என்று காட்டியது உண்மை. அதைச் சொன்ன பாவத்துக்கு ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். உள்ளதைச் சொன்னவனை வேலையை விட்டுத் தூக்கிய கதை.

வெள்ளைப் பசைக்கும் இதே காரணம்தான். இன்ஜின் சரியாகச் சூடாகாவிட்டால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறாது, மூடிக்கு அடியில் படிந்து ஆயிலோடு குழம்பும். பக்கத்துத் தெருவுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் இன்னும் சீக்கிரம் வரும். கேஸ்கெட் போயிருந்தால் டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலே பால் டீ நிறத்தில் வரும், கூலன்ட் குறைந்துகொண்டே போகும். இவர் வண்டியில் டிப்ஸ்டிக் ஆயில் கருப்பாக, ஆயிலாகவே இருந்தது. ரேடியேட்டர் வாயில், எரிந்த புகை கூலன்டில் கலக்கிறதா என்று காட்டும் கேஸ் டெஸ்ட் திரவம் வைத்துப் பார்த்தேன். கேஸ்கெட் ஓட்டையானால் நீல நிறம் மஞ்சளாக மாற வேண்டும், கடைசி வரை நீலமாகவே நின்றது. 22,000 ரூபாய் தப்பியது. மூடியை மட்டும் பார்த்து ஹெட்டை இறக்கும் தம்பிகளே, அந்த டெஸ்ட்டுக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

சரி, குளிர்ந்து ஓடும் வண்டி டிராஃபிக்கில் ஏன் கொதிக்கிறது என்று வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் வண்டி ஹீட் ஆகத் தொடங்கியது ரேடியேட்டர் அடைப்பால். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மீஞ்சூர் பக்கம் கடல் நீர் நிலத்தடிக்குள் ஏறியதும், அங்கேயே 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்ததும் எல்லோருக்கும் தெரியும். குளிக்கிற பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதன் மெல்லிய குழாய்களில் என்ன படியும்? அடைப்பை எடுப்பதற்குப் பதில் வால்வைக் கழட்டினார்கள். அதுவும் போதாமல் ஃபேனை டைரக்ட் பண்ணினார்கள். விட்டு விட்டுச் சுற்ற வேண்டிய மோட்டார் நாள் முழுக்கச் சுற்றி எரிந்தது. புதிதாகப் போட்டதும் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ரோடு ஓடும்போது காற்று காப்பாற்றும். லாரி வரிசையில் நின்றால் ஃபேனை விட்டால் வேறு கதியில்லை. இன்னொன்று, சில இன்ஜின்களில் வால்வு திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். வால்வே இல்லையென்றால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். கூலாக ஓடக் கழட்டியது கொதிக்க வைக்கும்.

அவர் முழுசாக நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. ஷெட்டில் பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்று இதற்காகவே வைத்திருக்கிறேன். தண்ணீர் வைத்து, 82 என்று பொறித்த புது வால்வின் வாயில் நூலை இடுக்கித் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரை அவர் கையில் கொடுத்தேன். எழுபதில் ஒன்றுமில்லை. எண்பத்திரண்டைத் தாண்டியதும் நடுத்தட்டு மெதுவாக எழும்பியது. நூல் நழுவி வால்வு பாத்திரத்தின் அடியில் விழுந்தது. “அட, தானாத் தொறக்குதே!” என்றார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவர்.

ரேடியேட்டர், வால்வு, ஃபேன் மோட்டார், ஃபேன் சுவிட்ச் வயரிங், புது கூலன்ட், ஆயில். அவ்வளவுதான் வேலை. அவர் மாற்றிய சாமான்களின் கணக்கோடு ஒப்பிட்டால் பாதிகூட ஆகவில்லை. இப்போது முள் நடுவில் நிற்கிறது, 14 கொடுக்கிறது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. முள் மேலே போனால் பதறுகிறீர்கள், கீழேயே கிடந்தால் சந்தோஷப்படுகிறீர்கள். இரண்டும் நோய்தான். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே வருவது. போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் வேண்டாம். அவசரத்துக்கு ஊற்றினால் வந்து மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையும் மாற்றுங்கள். 0.9 என்று (அது தாங்கும் அழுத்தம்) போட்ட நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது, மூடி கெட்டால் 100-லேயே பொங்கும். சில நூறு ரூபாய்ச் சாமான்.

கொதிக்கிற ரேடியேட்டரைத் தயவுசெய்து திறக்காதீர்கள். துணி போட்டும் திறக்காதீர்கள். என் இடது முன்கையில் இருக்கும் தழும்பு அப்படித் துணி போட்டுத் திறந்த நாளில் வந்தது. ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றவும் வேண்டாம். ஹெட் அலுமினியம், பல சின்ன இன்ஜின்களில் அது 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்தாலே லேத்துக்குப் போக வேண்டும். தலைமுடி அதைவிடத் தடிமன். வடித்த கூலன்டைத் தெருவில் விடாதீர்கள். இனிக்கும், நாய் நக்கும், நக்கினால் பிழைப்பது கஷ்டம்.

தொழில்காரர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு வால்வு இறுகிப்போய் வண்டி நடுரோட்டில் நின்றால் நானும் கழட்டித்தான் அனுப்புவேன். ஆனால் பில்லில் எழுதிக் கொடுங்கள்: ‘வால்வு எடுக்கப்பட்டது, புதிது போடவும்’. ஒரு வரிதான். அதுகூட முடியாவிட்டால் பானெட்டுக்கு அடியில் சாக்பீஸால் கிறுக்கிவிடுங்கள், அடுத்து திறப்பவன் படித்துக்கொள்வான்.