குழுமம்: ‘கம்யூனிட்டி’க்கு ஒரு தமிழ்ச் சொல்

‘சோஷியல் மீடியா’ என்பதற்குச் சமூக ஊடகம் என்னும் தொடர் தமிழில் நிலைபெற்றுவிட்டது. அதன் பிற்பாதியில் குறை சொல்ல ஏதுமில்லை. ‘மீடியம்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு நடுவில் இருப்பது என்று பொருள். தமிழில் ‘ஊடு’ என்பதும் நடு, இடை, உள் என்னும் பொருள்களைத் தரும். ஊடே, ஊடுருவு என்பன அந்த அடியில் பிறந்தவை. நெசவில் பாவுக்குக் குறுக்கே ஓடும் இழைக்கு ஊடை என்று பெயர். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில் நிற்கும் கருவியை ஊடகம் என்பது மிகப் பொருத்தம். சிக்கல் முற்பாதியில் இருக்கிறது.

‘சோஷியல்’ என்பதன் மூலம் தோழன், கூட்டாளி என்று பொருள்படும் ‘சோசியஸ்’. அதனோடு சேர்த்தே பேசப்படும் ‘கம்யூனிட்டி’ வேறு வழியில் வந்தது. பொதுவானது என்று பொருள்படும் ‘கம்யூனிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குள், கடமை, பணி, கொடை என்று விரியும் ‘மூனஸ்’ அடங்கியிருக்கிறது. ஆகவே ஓரிடத்தில் கூடி நிற்பதனாலேயே ஒரு கூட்டம் கம்யூனிட்டி ஆகிவிடுவதில்லை. ஒருவருக்கொருவர் செய்தாக வேண்டியது என்று ஏதேனும் இருந்தால்தான் ஆகும்.

நாமோ இரண்டுக்கும் சமூகம் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். வடமொழிச் ‘சமூஹ’ என்பதிலிருந்து வந்த இதன் முதற்பொருள் தொகுதி, திரள் என்பதே. (இலங்கைத் தமிழில் கூட்டத்துக்கு வருவதைச் சமுகமளித்தல் என்பர். அந்தச் சமுகம் ‘சம்முக’ என்பதிலிருந்து வந்த வேறு சொல். நெடிலிட்டு எழுதி இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.) தமிழ்நாட்டிலோ ‘நீங்கள் எந்தச் சமூகம்?’ என்பது சாதியைக் கேட்கும் நாசூக்கான கேள்வியாகிவிட்டது. கம்யூனிட்டி சர்ட்டிபிகேட் என்று நாம் வாங்குவதும் சாதிச் சான்றிதழைத்தான். விரும்பிச் சேர்ந்து, விரும்பாதபோது விலகிக்கொள்ளக்கூடிய ஒரு கூட்டத்துக்குப் பிறப்பின் சாயல் ஏறிய இச்சொல் எப்படிப் பொருந்தும்? சமுதாயம் என்பது ஒரு காலத்தில் நெருங்கிய பொருளில் வழங்கியது; நிலத்தை ஊரார் பொதுவில் வைத்திருந்த தஞ்சைப் பகுதி ஊர்கள் சமுதாயக் கிராமங்கள் எனப்பட்டன. இன்று அதுவும் நாடு முழுவதையும் தழுவும் சொல்லாக விரிந்துவிட்டது.

திரள் வேறு, கூடி இயங்கும் கூட்டம் வேறு என்பதற்குக் கூகுள் நிறுவனம் நடத்திய கூகுள் பிளஸ் என்னும் சமூக ஊடகம் நல்ல சான்று. 2011 ஜூனில் வந்த அதில் நண்பர்களை வட்டங்களாகப் பிரிக்கும் வசதியும், பலர் ஒன்றாகக் காணொளியில் பேசும் வசதியும் தொடக்கத்திலேயே இருந்தன. பின்னர் யூடியூபில் கருத்து எழுதுவதற்கும் அந்தக் கணக்கே வேண்டும் என்றாக்கி ஆள் சேர்த்தார்கள். ஆனால் பயனர் வருகைகளில் 90 விழுக்காடு ஐந்து நொடிக்கும் குறைவாகவே நீடிக்கின்றன என்று 2018 அக்டோபரில் அந்நிறுவனமே சொல்லிவிட்டு, 2019 ஏப்ரல் 2 அன்று அதை மூடியது. கருவியில் வசதிகளுக்குக் குறைவில்லை, கணக்குகளின் திரள் இருந்தது, அவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

ட்விட்டரில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரு சொல்லுக்கு முன் # குறியிட்டு, அதைப் பற்றிய பதிவுகளை ஒன்றுதிரட்டும் ஹேஷ்டேக் அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கியதன்று. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்னும் பயனர் முன்வைத்தது. நிறுவனம் அதை முதலில் பொருட்படுத்தவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் சான் டியாகோவில் காட்டுத்தீ பரவியபோது, தீயைப் பற்றிய செய்திகளை ஒரே குறியின் கீழ் திரட்டிப் பார்க்கப் பயனர்கள் அதைக் கையாண்டனர். 2009இல்தான் நிறுவனம் அதைச் சொடுக்கக்கூடிய இணைப்பாக மாற்றியது. பயனர்களின் வழக்கம் முன்னே செல்ல, மென்பொருள் இரண்டு ஆண்டு கழித்துப் பின்னே வந்தது.

எனவே ‘கம்யூனிட்டி’ என்பதற்குக் குழுமம் என்னும் சொல்லையே நான் பரிந்துரைப்பேன். குழுமு என்றால் கூடு, திரண்டு சேர் என்று பொருள். குழு, குழாம் ஆகியவை அதன் உறவுகள். சிலப்பதிகாரம் சொல்லும், அரசனுக்குத் துணைநின்ற ஐம்பெருங்குழுவில் இருந்தவர்கள் அவரவர்க்குரிய பணியால் அங்கே இடம் பெற்றவர்கள் என்பதும் இங்கே பொருந்துகிறது. தொழில் நிறுவனங்களின் தொகுதியையும் குழுமம் என்கிறோமே என்னும் தடை எழலாம். இடம் நோக்கிப் பொருள் விளங்கிவிடும் என்பதால் அதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. சமூக ஊடகம் என்ற தொடர் அப்படியே இருக்கட்டும். அதில் கணக்கு வைத்திருப்போரின் மொத்தத்தைப் பயனர் திரள் என்றும், அவர்களுள் கூடி இயங்குவோரைக் குழுமம் என்றும் பிரித்து எழுதினால் போதும்.

அப்படிப்பட்ட குழுமத்துக்குத் தமிழ் விக்கிப்பீடியா ஓர் எடுத்துக்காட்டு. 2003இல் தொடங்கிய அது இயங்குவது, பிற மொழி விக்கிப்பீடியாக்கள் இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான். பொதுச் செய்திகளைப் பேசும் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘வில்லேஜ் பம்ப்’ என்று பெயர். அதை நேராக மொழிபெயர்த்திருந்தால் ஊர்க் குழாயடி என்று வந்திருக்கும். தமிழ்க் காதில் குழாயடி என்றதும் சண்டைதான் முதலில் கேட்கும். தமிழ்க் குழுமம் அந்தப் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்டது.