இலங்கைக்கு அரிசி ஏற்றுமுன் படிக்க வேண்டிய இரண்டு அறிவிக்கைகள்

வேலூர், ஆற்காடு, ஆரணி வட்டாரங்களின் அரிசி ஆலைக்காரர்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவன நிர்வாகிகளும் ஏற்றுமதி ஆவணங்களுக்காக என்னிடம் வரும்போது, கொழும்பில் கிலோ என்ன விலைக்குப் போகிறது என்பதைத் தொலைபேசியிலேயே விசாரித்து முடித்திருப்பார்கள். அந்த விலைக்கு நம் சரக்கை அனுப்ப அனுமதி இருக்கிறதா, இருந்தால் எந்தத் தேதி வரை என்ற கேள்வியைப் பெரும்பாலும் நான்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது.

2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தது. நின்றது பச்சரிசிதான், புழுங்கலுக்கு வழி இருக்கிறது என்று கணக்குப் போட்டவர்களுக்கு, அடுத்த மாதம் 25ஆம் தேதி புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்து சேர்ந்தது. ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடைக்காலச் சலுகை வெள்ளை அரிசித் தடைக்குப் பொருந்தாது என்று தடை அறிவிக்கையிலேயே எழுதப்பட்டிருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. கப்பலில் ஏற்றத் தொடங்கிவிட்ட சரக்கு போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே விலக்கு இருந்ததால், கிடங்கில் மூட்டை கட்டி வைத்திருந்த அரிசிக்கு ஒப்பந்தத்தால் பயன் எதுவும் இல்லை. நேபாளத்துக்கு 95,000 டன், பூட்டானுக்கு 79,000 டன் என்று அண்டை நாடுகளுக்கு அனுமதி கிடைத்தது உண்மைதான். ஆனால் அது அரசுகளுக்கிடையிலான கோரிக்கையின் பேரில், தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தின் வழியாகச் செல்லவிருந்த அரிசி. வெள்ளை அரிசிக்கான தடை 2024 செப்டம்பர் 28 அன்றுதான் நீங்கியது.

நம் பக்கம் வழி திறந்தால் மட்டும் போதாது. இலங்கையில் அரிசி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். அங்கே பரவலாக உண்ணப்படும் நாட்டரிசி என்ற வகைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 2024 டிசம்பர் 4 முதல் 20 வரை உரிமமின்றி இறக்குமதி செய்யலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்து, பிறகு அந்தக் காலத்தை 2025 ஜனவரி 10 வரை நீட்டித்தது. அப்போதும் கிலோவுக்கு அவர்கள் பணத்தில் 65 ரூபாய் வரி இருந்தது. பெரும்போகம் எனப்படும் அவர்களின் முதன்மைப் பருவ நெல் பிப்ரவரி, மார்ச்சில் களத்துக்கு வரும்போது வெளி அரிசி குவிந்து தங்கள் உழவர்களின் விலை சரிந்துவிடக் கூடாது என்று அவர்கள் நினைப்பதில் தவறு காண முடியாது. நம் அரசும் அதையேதான் செய்யும்.

1970களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெல் சாகுபடியில் நேர்ந்த மாற்றங்களை ஆராய வடஆற்காட்டையும் இலங்கையின் அம்பாந்தோட்டையையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தார்கள். நம்மைப் போலவே நெல் விளைவிக்கும் நாடு அது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்ததைத் தொடர்ந்து விளைச்சல் சரிந்தது போன்ற காலங்களில்தான் அங்கே நம் அரிசிக்குப் பெரிய தேவை எழுகிறது. அதை நிலையான சந்தை என்று நம்பி ஆலையை விரிவாக்கக் கடன் வாங்குவது என் பார்வையில் ஆபத்தானது. இந்திய இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறதே என்று கேட்பார்கள். சலுகை பெறாத பொருள்களின் பட்டியல் இரு நாட்டுக்கும் தனித்தனியே உண்டு என்பதால், தங்கள் பொருளின் சுங்கக் குறியீட்டை அதில் தேடிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

இரு அரசுகளில் எதுவாவது இடையில் தடையோ வரியோ விதித்தால் அந்த இழப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாக எழுதச் சொல்கிறேன். பணத்துக்கு வங்கியின் ரத்து செய்ய முடியாத கடன் உறுதிக் கடிதத்தை (லெட்டர் ஆஃப் கிரெடிட்) கேட்பதும், ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீட்டை எடுப்பதும் செலவுதான். டாலர் தட்டுப்பாட்டில் இலங்கை தவித்த 2022ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் அந்தச் செலவுக்குத் தயங்குவதில்லை.

உழவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஏற்றுமதி விலை தருவதாகத் தரகர் வாயால் சொன்னதை நம்பி, நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறந்திருக்கும் நாட்களைக் கடத்திவிடாதீர்கள். நெல்லைப் பிடித்து வைக்கச் சொல்பவரிடம் விலை, எடை, எடுத்துச் செல்லும் கடைசித் தேதி ஆகியவற்றை எழுத்தில் வாங்கி, முன்பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அதற்கு அவர் மறுத்தால், நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கே கொண்டு செல்லுங்கள்.