பொம்மை பில்லில் அச்சாகாத வரி

2025 செப்டம்பர் 22 முதல் மின்னணு அல்லாத பொம்மைகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதன் பிறகு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பகுதிகளில் என்னிடம் கணக்கு ஒப்படைத்திருக்கும் கடைக்காரர்கள் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "டிவியில வரி குறைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க சார், நான்தான் ஏமாத்தறேன்னு வர்றவங்க நினைக்கறாங்க" என்றார் ஒருவர். வாங்குபவரின் சந்தேகம் நியாயமானது. கடைக்காரரின் தவிப்பும் பொய்யல்ல. இறக்குமதிப் பொம்மையின் விலையை ஏற்றி வைத்திருப்பது கடை பில்லில் எங்குமே காணப்படாத இன்னொரு வரி. அதுதான் சுங்க வரி.

சுங்கத் தீர்வைப் பட்டியலில் பொம்மைகள், மூன்று சக்கர சைக்கிள்கள், புதிர்க் கட்டைகள் ஆகியவை 9503 என்ற தலைப்பில் வருகின்றன. கேரம், செஸ், சீட்டுக்கட்டு போன்ற விளையாட்டுகள் 9504-இல் வருவதால் அவற்றின் கதை வேறு. 9503-க்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் 60 சதவீதமாக உயர்ந்தது. 2023 பட்ஜெட்டில் அது 70 ஆயிற்று.

இந்த உயர்வு கடை விலையில் எவ்வளவாக வந்து சேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்து துறைமுகத்தில் 100 ரூபாய் மதிப்புள்ள ஒரு பொம்மைக்கு மொத்த வியாபாரி 15 சதவீதமும் சில்லறைக் கடைக்காரர் 30 சதவீதமும் லாபம் வைக்கிறார்கள் என்று கொள்வோம். சுங்க வரி 20 சதவீதமாக இருந்தால், 5 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் அதன் கடை விலை ஏறத்தாழ 188 ரூபாய். சுங்க வரி 70 சதவீதமானால் அதே பொம்மை 267 ரூபாய். அரசு சுங்க வரியாகக் கூடுதலாக வாங்கியது 50 ரூபாய்தான். வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பதோ 79 ரூபாய். லாபத்தை யாரும் ரூபாயில் வைப்பதில்லை, சதவீதத்தில்தான் வைக்கிறார்கள் என்பதால், சுங்க வரியின் மேலும் இருமுறை லாபம் ஏறி, கடைசியில் ஜி.எஸ்.டி.யும் அமர்கிறது. ஜி.எஸ்.டி. 12 சதவீதமாகவே நீடித்திருந்தால் விலை 285 ரூபாய் ஆகியிருக்கும். ஆக, பெரிதாகப் பேசப்பட்ட வரிக்குறைப்பு திருப்பிக் கொடுத்தது சுமார் 18 ரூபாய். பேட்டரியில் ஓடும் மின்னணுப் பொம்மைகளுக்கு அதுவும் இல்லை, அவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகவே இருக்கிறது.

இறக்குமதிக்கும் மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கும் விதிக்கப்படும் ஜி.எஸ்.டி.யின் பெயர் ஐ.ஜி.எஸ்.டி. துறைமுகத்தில் கட்டும் ஐ.ஜி.எஸ்.டி.யைப் பதிவு பெற்ற வியாபாரி உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். சுங்க வரிக்கு அந்த வசதி கிடையாது. கட்டினால் கட்டியதுதான், அது பொருளின் அடக்க விலையோடு ஒட்டிக்கொள்கிறது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரருக்கு ஜி.எஸ்.டி. வரவும் இல்லை. அவர் கோயம்புத்தூரிலோ சென்னைப் பாரிமுனையிலோ சரக்கு எடுத்து வாளையார் வழியாகக் கொண்டுவரும்போது பில்லில் உள்ள ஐ.ஜி.எஸ்.டி. முழுவதும் அவருக்குச் செலவே. பக்கத்துக் கடையைவிட அவரிடம் விலை கூடுதலாக இருந்தால் அதைப் பேராசை என்று சொல்லிவிட முடியாது.

கப்பல் கூலியையும் மறந்துவிடக் கூடாது. பொம்மை எடை குறைந்தது, இடத்தை அடைப்பது. கன்டெய்னர் எடையால் நிரம்பும் முன்பே இடத்தால் நிரம்பிவிடும். சுங்க வரி கப்பல் கூலியையும் சேர்த்த மதிப்பின் மீது கணக்கிடப்படுவதால், கூலி ஏறினால் வரியும் தானாக ஏறும். கொரோனா காலத்தில் கன்டெய்னர் வாடகை பல மடங்கு உயர்ந்தபோது இறக்குமதியாளர்கள் இந்த இரட்டை அடியை வாங்கினார்கள்.

இந்த வரியால் பயனே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். பொம்மை இறக்குமதி குறைந்து ஏற்றுமதி கூடியிருக்கிறது. மின்னணுப் பொம்மைகளின் பாகங்களுக்கு வரி குறைவு என்பதால் உள்நாட்டில் பொருத்தி விற்கும் தொழிலும் வளர்ந்திருக்கிறது. ஆனால் தரத்தைக் காப்பது சுங்க வரி அல்ல. அந்த வேலையைச் செய்வது 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை. அதன்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில், உள்நாட்டில் செய்ததானாலும் வெளிநாட்டிலிருந்து வந்ததானாலும், ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சன்னபட்டணா, கொண்டப்பள்ளி மரப்பொம்மைகள் போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும் விலக்கு உண்டு.

வரி உயர உயர, குறைத்துக் காட்டிய மதிப்பிலும் பில் இல்லாமலும் வரும் சரக்குக்கு லாபம் கூடுகிறது. என் கவலை இதில்தான். ஐப்பசியில் கல்பாத்தித் தேருக்குப் போடும் தற்காலிகக் கடைகளில், நேர்வழியில் வந்த பொம்மையின் பாதி விலைக்கு அதே போன்ற பொம்மை கிடைத்தால், மிச்சமாகும் பணம் வரியிலிருந்தும் வந்திருக்கலாம், பரிசோதனை செய்யாத சாயத்திலிருந்தும் வந்திருக்கலாம்.

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முத்திரையின் மேலே ஐ.எஸ். 9873 அல்லது, மின்சாரப் பொம்மையானால், ஐ.எஸ். 15644 என்ற எண் இருக்க வேண்டும்; கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்பது தெரியும். இறக்குமதிப் பெட்டியானால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றையும் பாருங்கள். இவை ஒட்டுச்சீட்டில் இருப்பது வழக்கம்தான், ஒட்டுச்சீட்டே இல்லாததுதான் சந்தேகத்துக்குரியது.

கடைக்காரர்களுக்கு ஒன்று. 12 சதவீதம் கொடுத்து வாங்கிய பழைய சரக்கையும் செப்டம்பர் 22-க்குப் பிறகு 5 சதவீதத்தில்தான் விற்க வேண்டும். முன்பு எடுத்த வரி வரவு ஜி.எஸ்.டி. இணையதளத்தில் உள்ள உங்கள் மின்னணுப் பேரேட்டில் அப்படியே நிற்கும். அடுத்தடுத்த மாதங்களின் வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.