வயரை மாற்றும் முன் ஸ்பீக்கரை நகர்த்திப் பாருங்கள்

தீபாவளி நெருங்க நெருங்க மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆடியோ செட் பழுது பார்ப்பவர்கள் காதில் விழுவது பெரும்பாலும் ஒரே குறைதான்: "பேஸ் மட்டும் பொம்முனு வீங்குது, பாடுற குரல் அமுங்கிப் போவுது. நல்ல வயரா மாத்திட்டா சரியாயிருமா, அண்ணே?" ஆகாது. நாதத்தின் குணத்தை முடிவு செய்வதில் அறையும் ஸ்பீக்கரும் முன்னே நிற்கின்றன. ஆம்ப்ளிஃபயர் அதற்குப் பின், வயர் கடைசி. செலவு மட்டும் பலருக்கு வயரிலிருந்து தொடங்குகிறது.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு ஹாலை எடுத்துக்கொள்வோம். செங்கல் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். சுவருக்குச் சுவர் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடும். அதை அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் 48 ஹெர்ட்ஸ் வரும். அந்த ஒலி எழும்போதெல்லாம் அறையும் சேர்ந்து முழங்கும். பேஸ் கிட்டாரில் 49 ஹெர்ட்ஸ் சுரம் மட்டும் துருத்தி நிற்பது இதனால்தான். நீளமும் 12 அடி என்றால் இரு திசையிலும் அதே முழக்கம், தொல்லை இரட்டிப்பு.

ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் இன்னும் மோசம். அருகிலுள்ள ஒவ்வொரு சுவரும் அடித்தொனியை 6 டெசிபல் வரை தூக்கிவிடும். முதலில் மூலையிலிருந்து 2 அடி வெளியே இழுங்கள். பிறகு சோபாவைப் பாருங்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த 48 ஹெர்ட்ஸ் உச்சத்தில் கேட்கும், அறையின் நட்டநடுவே உட்கார்ந்தால் காணாமலே போகும். இரண்டுக்கும் இடையில் அரை அடி அரை அடியாக நகர்ந்து, தெரிந்த பாட்டு ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். தடித்த திரை தொங்கவிட்டால் டைல்ஸ் வீட்டுக் கூச்சல் குறையும், பேஸ் குறையாது. 48 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டருக்கும் மேல், துணி அதை என்ன செய்யும்?

தோட்டத்துப் பழைய லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கதை வேறு. பலகைச் சுவர் அதிர்ந்து பேஸை வெளியே விட்டுவிடும். அதே ஸ்பீக்கர் அங்கே மெலிந்து கேட்கும், பக்கத்து வீட்டில்தான் உறுமி நன்றாகக் கேட்கும்! அங்கே ஸ்பீக்கரைச் சுவருக்குக் கிட்டே தள்ளுவதே சரி.

அடுத்தது ஸ்பீக்கரின் வயது. பேஸ் தரும் பெரிய கூம்பான வூஃபரின் ஓரத்து ஃபோம் நம் ஈரப்பதத்தில் நைந்து உதிரும். விரல்களால் கூம்பைச் சீராக உள்ளே அழுத்திப் பாருங்கள். கரகரத்தால் கூம்பின் பின்னுள்ள கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) உரசுகிறது. உயர்தொனி தரும் சிறு ஸ்பீக்கரான டுவீட்டர் மங்கிப்போனால் அது எரிந்துவிட்டதென்று உடனே முடிவு செய்ய வேண்டாம். வூஃபருக்கும் டுவீட்டருக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்து, உயர்தொனிக்குத் தடை போட்டிருக்கலாம். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட் அளவில், 100 வோல்ட் தாங்கும் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள். பிளஸ் மைனஸ் உள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கூடவே கூடாது. ஃபிலிமின் உள்தடை குறைவு என்பதால் சில பெட்டிகளில் 'ஸ' ஒலி கூர்மையாகக் குத்தும். அப்போது தொடரில் அரை ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் பழைய மென்மை திரும்பும். இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பேஸ் அறவே இல்லை, குரலும் நடுவில் நிற்கவில்லை என்றால் ஒரு பெட்டியின் இணைப்பு தலைகீழாக இருக்கும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ், சிவப்பு முனைக்குச் செல்லும் வயரில் பட வேண்டும். இரண்டு வூஃபரும் ஒரே பக்கம் துள்ளினால் சரி.

ஆம்ப்ளிஃபயர் பற்றிச் சுருக்கமாக. நல்ல டிரான்சிஸ்டர் செட்டுகள் தம் எல்லைக்குள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே ஒலிக்கும். வால்வு (வெற்றிடக் குழாய்) செட்டின் வெளியீட்டுத் தடை அதிகம் என்பதால் ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்குவதற்கேற்பத் தொனியும் மாறும். சிலருக்குப் பிடிக்கும் அந்தக் 'கதகதப்பில்' பாதி இதுதான். மலிவான கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயர் போர்டுகளில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு உயர்தொனி சற்றே ஏறியும் 4 ஓமுக்கு இறங்கியும் வரலாம். அட்டைப்பெட்டியில் '5000 வாட் பிஎம்பிஓ' (கண நேர உச்ச சக்தி எனும் விளம்பரக் கணக்கு) என்று இருந்தாலும், பின்பக்கம் மின்நுகர்வு 60 வாட் என்றிருந்தால் அதற்கு மேல் தொடர்ந்து தர அதனால் முடியாது. அதை முடுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டு முதலில் போவது டுவீட்டர்.

கேசட்டுகள் வைத்திருப்பவர்கள் முதலில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு ஹெட்டின் ஓரத்துச் சிறு ஸ்குருவை, மோனோவில் கேட்டபடி, ஒலி மிகத் தெளியும்வரை துளித்துளியாகத் திருப்புங்கள். மங்கிய நாடா என்று தூக்கிப்போட இருந்தவை பல இதில் மீண்டுவிடும். செட்டை வானொலி வைத்து மட்டும் எடைபோட வேண்டாம். மின்னல் எஃப்எம் உட்பட எந்த எஃப்எம் ஒலிபரப்பும் 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

வயருக்கு வருவோம். 10 மீட்டர் தூரம், 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் போய்வரும் தடை அரை ஓம். 8 ஓமில் இழப்பு அரை டெசிபல், 4 ஓமில் ஒரு டெசிபல். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் தடை 0.15 ஓம், அதுவே தாராளம். வாங்கும் முன் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடை கூடுதல், வளைத்தால் ஒடியும்.